விழுந்தது ஜின்னியின் கார் அல்ல

டெஹாச்சப்பி, கலிபோர்னியா
7 பிப்ரவரி 1994

டீனா ரஸ்கோ அவர்களுக்கு,

என் பெயர் வெர்னா ஹோல்கம். இந்தப் பெயர் உங்களுக்கு எதையும் ஞாபகப்படுத்தாது. டெல் மார்லோ என்றால் ஞாபகம் வரும். 'பிரேக் பிடிக்காத பெண்' படத்தில் ஜின்னியாக நடித்தவள் நான்தான். அந்தப் பெயரைத் தயாரிப்பாளர் வைத்தார், படம் ஓடி முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நேற்றுக் காலைக் காப்பியோடு பேப்பரைப் பிரித்தேன். காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் டிரைவ்-இன் கொட்டகைகளுக்காக அந்தக் காலத்தில் எடுத்துத் தள்ளிய வாலிபர் அட்டகாசப் படங்களில் பத்தைப் பொறுக்கி, ஒரு கேபிள் டிவி கம்பெனி மறுபடி எடுக்கப் போகிறதாம். படத்துக்குப் பன்னிரண்டே நாள், கைக்கு அடக்கமான செலவு. எங்கள் படம் உங்கள் கையில் வந்திருக்கிறது. நல்லது, எடுங்கள். எங்களுக்குப் பன்னிரண்டு நாளெல்லாம் யார் கொடுத்தார்கள்? ஒரு வாரத்தில் முடித்தோம், அதிலும் பாதி மழை.

நான் சண்டைக்கு வந்தது வேறு விஷயத்துக்கு. பேட்டியில் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்: "கடைசியில ஜின்னி காரோட பள்ளத்துல விழுந்து சாகிற காட்சியை இந்தத் தடவை ஒழுங்கா எடுக்கப்போறோம்."

அம்மா தாயே, ஜின்னி சாகவில்லை.

படத்தை இன்னொரு தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். போலீஸ் துரத்துகிறது. ஜின்னி மலைப்பாதையில் மேல்மூடி இல்லாத காரில் பறக்கிறாள். வளைவு வருகிறது. அடுத்த ஷாட்டில் ஒரு கார் பள்ளத்தில் உருண்டு எரிகிறது. என்ன கார் அது? மூடிய கூரை, நாலு கதவு, கறுப்பு நிறம். உருளும்போது ஜன்னல் வழியாக ஓர் ஆண்பிள்ளைத் தொப்பி பறக்கிறது. நான் தொப்பியே போட்டதில்லை. அந்தக் காட்சியே ஏதோ கொள்ளைக்கூட்டப் படத்தில் மிஞ்சிய ஃபிலிம் துண்டு, வாங்கி ஒட்டியது. ஜின்னியின் கார் விழவே இல்லை. விழாத காரில் இருந்தவள் எப்படிச் சாவாள்?

முப்பத்தேழு வருடமாக இந்த ஊரில் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறேன். என்னிடம் கார் கற்றுக்கொண்ட ஒவ்வொருவருக்கும் இந்த விஷயம் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும்.

பதிலை எழுதியே அனுப்புங்கள். போனில் எல்லாரும் இனிக்க இனிக்கப் பேசி மறுத்துவிடுகிறார்கள்.

வெர்னா ஹோல்கம்

---

லாஸ் ஏஞ்சல்ஸ்
15 பிப்ரவரி 1994

அன்புள்ள மிஸஸ் ஹோல்கம்,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் வாசலில் நின்றபடி படித்தேன், பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். டெல் மார்லோ உயிரோடு இருக்கிறார், ஓட்டுநர் பள்ளி நடத்துகிறார் என்று சொன்னதும் என் ஒளிப்பதிவாளர் காப்பியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். உங்களைத் தேடாமல் இல்லை. கிடைத்த பழைய விலாசத்தில் இப்போது டயர் கடை இருக்கிறது. உங்களைக் கேட்காமல் ஆரம்பித்ததற்கு மன்னியுங்கள்.

ஜின்னி விஷயத்தில் மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

பத்துப் படங்களையும் மேசைமேல் பரப்பி, "வேணுங்கிறதை எடுத்துக்கங்க" என்றார்கள். ஆண் இயக்குநர்கள் மோட்டார் சைக்கிள் படங்களுக்காக அடித்துக்கொண்டார்கள். நான் நேராக உங்கள் படத்தின் மேல் கையை வைத்தேன். பதினோரு வயதில், ஒஹாயோவில், ஒரு சனிக்கிழமை மதியம் டிவியில் அதைப் பார்த்தேன். கார் வளைவுக்கு வந்தபோது சோபா மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது. தலையைக் குனிந்து வீடு திரும்புவதைவிடச் சாவதே மேல் என்று ஒரு பெண் முடிவெடுத்துவிட்டாள்! அன்றிலிருந்து அவள்தான் என் கதாநாயகி. அந்தச் சாவை நீக்கிவிட்டால் படமே இல்லை.

கார் மாறியிருப்பது எனக்கும் தெரியும். மலிவுப் படங்களில் அது சகஜம், சிரித்துவிட்டுப் போய்விடுவோம். நீங்கள் போய் அந்தப் பிழையில் ஓர் உயிரைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள்.

நாங்கள் அதே மாடல் காரைத் தேடிப் பிடித்து, பளபளவென்று சிவப்புப் பூசி வைத்திருக்கிறோம். ஒரே ஒரு கார்தான். அதனால் ஓட்டும் காட்சிகளையெல்லாம் முதலில் எடுத்துக்கொண்டு, கடைசி நாள் கடைசி ஷாட்டில் பள்ளத்தில் விடுவோம். இது என் முதல் படம். கம்பெனித் தலைவர் ஹால் விட்மோர் போஸ்டரை அச்சடித்தே விட்டார், அதில் கார் தீப்பிடித்து விழுகிறது. விழாவிட்டால் படம் என் கையை விட்டுப் போய்விடும்.

இனி ஒரு வேண்டுகோள். பழைய படத்தின் முடிவில் ஒரு நீதிபதி வந்து பெற்றோருக்குப் புத்தி சொல்வாரே, அந்த வேடத்தை நீங்கள் செய்ய வேண்டும். எங்கள் கதையில் நீதிபதி வயதான பெண். பல வருடம் கழித்து அதே வளைவில் வந்து நின்று, ஜின்னியின் கதையைச் சொல்லி முடிக்கிறார். அந்த வசனத்தை உங்கள் வாயால் கேட்டால் ஜனங்களுக்குச் சிலிர்க்கும். வருவீர்களா?

டீனா ரஸ்கோ

---

டெஹாச்சப்பி
21 பிப்ரவரி 1994

டீனா,

இனி 'நீ' என்றே எழுதுகிறேன். கோபத்தில் எனக்கு மரியாதை வராது.

நீதிபதி வேடமா! என்னைக் கொன்றுவிட்டு, கொன்றது சரி என்று என் வாயாலேயே சொல்லவைக்கப் பார்க்கிறாய். கெட்டிக்காரிதான்.

போஸ்டர் முதலில், படம் பிறகு. அடடா, எதுவும் மாறவில்லை. எங்கள் தயாரிப்பாளர் லூ பாக்கரும் அப்படித்தான். முதலில் ஒரு தலைப்பு யோசிப்பார். ஓர் ஓவியனைப் பிடித்துப் போஸ்டர் வரைவார். அதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கொட்டகைக்காரர்களிடம் போவார். அவர்கள் தலையாட்டினால்தான் கதை எழுத ஆள் தேடுவார். என்னைத் தேர்ந்தெடுத்தது எப்படித் தெரியுமா? போஸ்டரில் வரைந்திருந்த பெண்ணுக்குக் கட்டைமுடி, எனக்கும் கட்டைமுடி. அவ்வளவுதான்.

கார் அவருடைய பல் டாக்டருடையது. சாயங்காலத்துக்குள் கீறல் இல்லாமல் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கியிருந்தார். கீறல்கூடப் படக்கூடாத காரை எங்கே போய்ப் பள்ளத்தில் தள்ளுவது? அதனால்தான் அந்தக் கறுப்பு டப்பா உருண்டது. இன்னொன்று: கார் சிவப்பு என்று யார் சொன்னார்கள் உனக்கு? வெளிர் பச்சை. டாக்டரின் மனைவி தேர்ந்தெடுத்த நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாது.

ஜின்னி ஏன் சாக வேண்டியிருந்தது என்று யோசித்துப் பார்த்தாயா? படம் முழுக்க ஒரு பெண் அப்பாவை எதிர்த்துப் பேசுவாள், வாத்தியாரின் மூக்கை உடைப்பாள், ராத்திரி ஊர் சுற்றுவாள். பிள்ளைகள் விசில் அடிப்பார்கள். ஆனால் கடைசியில் அவளுக்குத் தண்டனை கிடைக்காவிட்டால் படத்தை வெளியில் விடமாட்டார்கள். ஆகவே கடைசி ஐந்து நிமிடத்தில் கொன்றுவிட்டு, ஒரு நீதிபதியை விட்டு "பார்த்தீங்களா பெற்றோர்களே?" என்று கேட்கவைப்பார்கள். அது அவள் எடுத்த முடிவு என்றா நினைத்தாய்? அவர்கள் எடுத்தது. எதிர்த்து நின்ற பெண் செத்தால் அவர்களுக்குத்தான் சௌகரியம். ஐம்பத்தாறு வயது வரைக்கும் இருந்து, பிடித்ததைச் சாப்பிட்டு, பிடிக்காதவனைப் போடா என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன் பார், இதுதான் அவர்களுக்குப் பொறுக்காது.

நான் நடித்தது ஐந்து படம். ஒன்றில் விஷம், ஒன்றில் துப்பாக்கி, ஒன்றில் ஏரி, ஒன்றில் காதலனே கழுத்தை நெரித்தான். ஐந்தாவது ஜின்னி. ஆறாவது கதையில் ரயில் என்றதும், "போதும்டா சாமி" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்துவிட்டேன். என் பெண்கள் ஐந்து பேரில் தப்பித்தவள் ஜின்னி ஒருத்திதான். அவளைத்தான் நீ கேட்கிறாய்.

தப்பித்தாள் என்று நானாகச் சொல்லவில்லை. ஃபிரெஸ்னோவில் முதல் காட்சி. லூ பாக்கர் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கறுப்புக் கார் உருண்டதும் கொட்டகை கப்சிப் என்று ஆனது. எங்கேயோ முன்வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்று, "டேய், அது அவ கார் இல்லடா!" என்று கத்தினான். யாரோ ஹாரன் அடித்தார்கள். பக்கத்துக் கார், அதற்குப் பக்கத்துக் கார், கடைசியில் மைதானம் முழுக்க ஹாரன். நீதிபதி வாயை வாயை அசைக்கிறார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. லூ பாக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது, அவ்வளவு சந்தோஷம்.

அந்த ஹாரனையெல்லாம் நீ பளபளவென்று சிவப்புப் பூசி அமுக்கப் போகிறாய். நான் வரவில்லை.

வெர்னா

---

லாஸ் ஏஞ்சல்ஸ்
4 மார்ச் 1994

அன்புள்ள வெர்னா,

மிஸஸ் ஹோல்கம் என்று எழுதினால் இன்னும் திட்டுவீர்கள் என்று தோன்றியது.

காருக்குப் பச்சை பூசச் சொல்லிவிட்டேன். பூசுகிறவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பல் டாக்டர் சம்சாரத்துக்குப் பிடிச்ச பச்சை" என்றேன். உடனே பச்சை டப்பாவைத் திறந்தான்.

ஃபிரெஸ்னோ ஹாரன் கதையைப் படப்பிடிப்புக் குழு முழுவதற்கும் படித்துக் காட்டினேன். ஜின்னியாக நடிக்கும் ஷெல்பி கைதட்டினாள். ஆனாலும் நான் அசையவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைப் பிடிவாதக்காரி என்று திட்டிக்கொள்ளுங்கள்.

பதினேழு வயதில் சினிமா படிக்கக் கிளம்பினேன். அப்பா வாசலில் நின்றார். எஃகு ஆலை மேஸ்திரி அவர், குரலைத் தாழ்த்திப் பழக்கமில்லை. "அந்தப் படத்துல காரோட விழுந்து செத்தாளே, அவ மாதிரிதான் நீயும் சாகப்போற" என்றார். அந்தச் சனிக்கிழமை அவரும் என் பின்னால் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார், அது எனக்கு அன்றுதான் தெரியும். "செத்தா சாகிறேன்" என்று பஸ் ஏறிவிட்டேன். வெர்னா, அந்த வார்த்தை இல்லாவிட்டால் என் கால் படியிறங்கியிருக்காது. ஜின்னி செத்தாள், அதனால் எனக்குப் பயம் போயிற்று. இன்றைக்கும் அம்மா போன் செய்தால் பின்னால் டிவி சத்தம் கேட்கும், அப்பா ரிசீவரை வாங்க மாட்டார்.

சாவை நீக்கிவிட்டால் நான் கிளம்பியதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். இதுதான் விஷயம்.

ஏப்ரல் இருபத்திரண்டு, லான்காஸ்டருக்கு மேலே மலைப்பாதையில் கடைசி நாள் படப்பிடிப்பு. நீதிபதி வேடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. நடிக்க வேண்டாம், சண்டை போடவாவது வாருங்கள்.

டீனா

---

டெஹாச்சப்பி
9 மார்ச் 1994

டீனா,

செத்தால் சாகிறேன் என்று கிளம்பினாய். செத்தாயா? இல்லையே. மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாய். உன் அப்பா சொன்னது பொய்யாகிப் பதினாறு வருடம் ஆகிறது, இன்னும் அவர் சொன்னதையே படமாக எடுப்பேன் என்கிறாயே, உனக்கே சிரிப்பாக இல்லை?

வருகிறேன். எனக்கு அங்கி பெரிய அளவு. நீதிபதி ஏன் மலைமேல் கறுப்பு அங்கியோடு நிற்கிறாள் என்று கேட்கமாட்டேன். கோட்டுப் போட்டு நிறுத்தினால் நீதிபதி என்று யாருக்குத் தெரியும்? இந்த மாதிரிப் படம் எனக்குப் புதிதா என்ன?

வெர்னா

---

லான்காஸ்டர், மோட்டல்
22 ஏப்ரல் 1994, இரவு

வெர்னா,

என் கார் எங்கே?

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் உங்கள் இஷ்டப்படியே எழுதுகிறேன். காலையில் இதை ஒருவனிடம் கொடுத்தனுப்புகிறேன், கதவைத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மத்தியானம் வரைக்கும் என்ன சமர்த்து! நீதிபதி வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னீர்கள். "இப்படிப்பட்ட பெண்களுக்கு இந்த நாட்டில் எதிர்காலம் இல்லை" என்று நீங்கள் சொன்னபோது ஒலிப்பதிவாளரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். உங்கள் மனதை மாற்றிவிட்டேன் போலிருக்கிறதே என்றுகூட நினைத்தேன், மடச்சி.

அதன்பிறகு மூன்று கேமராவும் ஓட ஆரம்பித்தன. இரண்டாவது தடவை எடுக்க முடியாத ஷாட். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. காரை விளிம்பு வரை ஓட்டிவிட்டுக் குதிக்க வேண்டிய சண்டைக் கலைஞர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் கைப்பையை மறந்து வைத்துவிட்டவர் மாதிரி மெதுவாக நடந்து போனீர்கள். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். கதவைக்கூடத் திறக்கவில்லை, ஐம்பத்தாறு வயதில் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை வீசி உள்ளே உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான் பார்த்தேன், அப்புறம் தூசி.

"கட்" சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. என் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? துரோகிகள், லாரிகளில் ஏறி ஹாரன் அடித்தார்கள்.

விட்மோர் போனில் கத்துகிறார். "ஒரு கிழவி நீதிபதி வேஷத்துல காரை ஓட்டிட்டுப் போயிட்டான்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்றது டீனா? கார் விழணும். அடுத்த வாரக் கடைசிக்குள்ள விழலைன்னா முடிவை வேற ஆளை வச்சு எடுத்துக்கறேன்." படப்பிடிப்பு நாட்கள் தீர்ந்துவிட்டன. பாதையை மூட வாங்கிய அனுமதி இன்றோடு முடிந்தது. இது என் முதல் படம் வெர்னா. உங்களுக்கு அது விளையாட்டாக இருக்கிறது.

டீனா

---

டெஹாச்சப்பி
23 ஏப்ரல் 1994

டீனா,

உன் ஆளுக்குக் காப்பியும் ஆப்பிள் கேக்கும் கொடுத்து உட்காரவைத்திருக்கிறேன். அவன் கையிலேயே இதைத் தருகிறேன்.

கார் என் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. கீறல் இல்லை. பல் டாக்டர் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

திட்டம் போட்டு வந்தேன் என்று நினைக்காதே. வசனத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகத்தான் வந்தேன். உன் ஜின்னி, அந்த ஷெல்பி, ஒப்பனை வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாதையைக் காட்டிக் கேட்டாள்: "ஏன் மேடம், பிரேக்தான் நல்லா இருக்கே, அவ ஏன் திருப்பல?" இத்தனை வருடமாக வளைவை எப்படித் திருப்பி எடுப்பது என்று ஊருக்கே கற்றுக்கொடுக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை பார். அதன்பிறகு அந்த வளைவை வெறும் வளைவாகப் பார்த்தேன். அது ஒன்றும் பிரமாதமில்லை. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, உள்பக்கமாக ஒட்டிப் பிடித்தால் என் மாணவர்களில் மந்தமானவன்கூட எடுத்துவிடுவான்.

எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கால் தானாகப் போயிற்று.

வளைவை எடுத்தேன், டீனா. முப்பத்தேழு வருடம் கழித்து, அதே மாதிரிக் காரில், அந்த வளைவைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன். அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லட்டுமா? ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சம் ரோடு. அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

மொஹாவியில் நெடுஞ்சாலைப் போலீஸ் நிறுத்தினார். அங்கியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். "கோர்ட்டுக்கா போறீங்க, நீதிபதி அம்மா?" "தீர்ப்பு சொல்லியாச்சு தம்பி, வீட்டுக்குப் போறேன்" என்றேன். வழிவிட்டார்.

உனக்குக் கஷ்டம் கொடுத்துவிட்டேன், தெரியும். வேண்டுமென்று உன் பிழைப்பில் கைவைக்க நான் கெட்டவள் இல்லை. வந்து காரை எடுத்துக்கொண்டு போ, தடுக்கமாட்டேன். சாவி சமையலறை அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. ஆனால் எடுப்பதற்கு முன்னால் நேற்று எடுத்ததைப் போட்டுப் பார். கட் சொல்லவில்லை என்றாயே. கட் சொல்லாவிட்டால் கேமராவை நிறுத்தமாட்டார்கள். அது எங்கள் காலத்திலிருந்தே அப்படித்தான்.

வெர்னா

---

லாஸ் ஏஞ்சல்ஸ்
2 மே 1994

அன்புள்ள வெர்னா,

காரை எடுக்க வரவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

போட்டுப் பார்த்தேன். மூன்று கேமராவும் கடைசிவரை ஓடியிருக்கின்றன. ஒன்றில் உங்கள் முதுகு, ஒன்றில் சக்கரம். மூன்றாவது கேமரா வளைவுக்கு அந்தப் பக்கம், கார் விழுவதைத் தூரத்திலிருந்து பிடிக்க வைத்திருந்தது. அதை நோக்கித்தான் நேராக வருகிறீர்கள். பச்சைக் கார், கறுப்பு அங்கி, பறக்கிற நரைமுடி. வாயெல்லாம் சிரிப்பு. பின்னால் லாரி ஹாரன்களும் பதிவாகியிருக்கின்றன. எடிட்டரும் நானும் அதையே திரும்பத் திரும்ப ஓட்டினோம். பிறகு எடிட்டர் கேட்டாள்: "இந்தக் கிழவி செத்திருக்கணும்னா நீ ஆசைப்பட்டே?"

கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே முடிவை வெட்டி ஒட்ட உட்கார்ந்தேன்.

இப்போது படம் இப்படி முடிகிறது. ஷெல்பி வளைவை நோக்கிப் பறக்கிறாள். காரின் பச்சை, வானத்தின் நீலம், ஒவ்வொன்றாக வெளிறிப் படம் கறுப்பு வெள்ளையாகிறது. அங்கே லூ பாக்கரின் கறுப்பு டப்பா உருள்கிறது. ஆமாம், அதே துண்டு, அதே தொப்பி. பழைய படத்தின் உரிமை கம்பெனியிடம்தான் இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. நிறத்தை ஏன் எடுத்தேன் என்று கேட்டால் கலை என்று சொல்லிக்கொள்வேன். மெல்ல நிறம் திரும்புகிறது. பல வருடம் கழித்து அதே வளைவில் நீதிபதி நிற்கிறார். இப்படிப்பட்ட பெண்களுக்கு எதிர்காலம் இல்லை என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்கிறார். சொல்லி முடித்துவிட்டு நடக்கிறார். ஜின்னியின் பச்சைக் கார் நிற்கிறது. கதவைத் திறக்காமல் ஏறுகிறார். வளைவை எடுக்கிறார். சிரிக்கிறார். படம் முடிந்தது.

வசனத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, வெர்னா. மாற்றத் தேவைப்படவில்லை.

விட்மோருக்குப் போட்டுக் காட்டினேன். என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். கார் உருண்டதும், "விழுந்திருச்சில்ல? தீப்பிடிச்சிருச்சில்ல? போதும்" என்று எழுந்து போய்விட்டார். அவருடைய போஸ்டருக்கு ஒரு குறையும் இல்லை. கணக்குப் பிரிவில் அந்தப் பச்சைக் காரை முதல் நாளே எரிந்த கார் என்று எழுதிவிட்டார்களாம். எரிந்துபோன காரைத் திருப்பிக் கேட்க அவர்களுக்கு வழியில்லை. வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தோற்றுவிட்டேன் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். ஷெல்பி காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்கவே இல்லை, அது என் ஜின்னி. வளைவை எடுத்தது உங்கள் ஜின்னி. இரண்டும் ஒருத்திதான் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஆகஸ்ட் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பு. அம்மாவிடம் சேனலைச் சொன்னேன். பின்னாலிருந்து அப்பா, "அந்தப் பொண்ணு செத்துப்போற படம்தானே?" என்று கேட்டது காதில் விழுந்தது. "பாக்கச் சொல்லும்மா" என்று வைத்துவிட்டேன்.

டீனா

---

டெஹாச்சப்பி
13 ஆகஸ்ட் 1994

டீனா கண்ணு,

என் வீட்டில் கேபிள் இல்லை. பார்பி வைத்திருக்கும் சாப்பாட்டுக்கடையில் பெரிய டிவி இருக்கிறது, அங்கே போனேன். என்னிடம் கார் கற்றவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று உட்கார இடமில்லை. முதல் பாதி முழுக்க அவர்கள் வாயை மூடவே இல்லை. "மேடம், இவ கியர் மாத்தற லட்சணத்தைப் பாருங்க!" "நம்ம மேடம்கிட்ட படிச்சிருந்தா லைசென்ஸே கிடைச்சிருக்காது!" ஷெல்பியிடம் சொல், கியரைப் பற்றி ஊரே புகார் செய்கிறது.

வண்ணம் வெளிறியதும் எல்லாரும் அடங்கினார்கள். கறுப்பு டப்பா உருண்டது. தொப்பி பறந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக. பார்பிதான் கரண்டியை ஓங்கிக்கொண்டு கத்தினாள்: "அடேய், அது அவ கார் இல்ல!" அதற்கப்புறம் நான் வசனம் பேசியது எனக்கே கேட்கவில்லை. அந்த நீதிபதிக்கு ஃபிரெஸ்னோவில் நடந்தது எனக்கும் நடந்தது.

நான் வளைவை எடுத்தபோது பார்பி அழுதுகொண்டிருந்தாள். படம் முடிந்ததும் கூட்டம் வெளியே ஓடியது. தெரு முழுக்க ஹாரன். கடைசியாக நான் போய் என் பச்சைக் காரில் உட்கார்ந்து அடித்தேன். நல்ல கனத்த குரல் அதற்கு.

நன்றி. இந்த வார்த்தையை நான் அடிக்கடி எழுதுகிறவள் இல்லை.

உன் அப்பா பார்த்தாரா?

வெர்னா

---

லாஸ் ஏஞ்சல்ஸ்
18 ஆகஸ்ட் 1994

வெர்னா,

பார்த்தார்.

சனிக்கிழமை காலை போன் அடித்தது. அம்மா என்று நினைத்து எடுத்தேன். தொண்டையைச் செருமும் சத்தம். அப்பா. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, படம் நன்றாக இருந்தது என்றும் சொல்லவில்லை.

"டீனா, அந்த விழுந்த கார். அது அவ கார் இல்லையே."

"இல்லப்பா."

"மூடின வண்டி அது. அவளோடது திறந்த வண்டி. முன்னாடி பார்த்தப்ப நான் கவனிக்கவே இல்ல."

"நானும் கவனிக்கலப்பா. மெத்தையில முகத்தை மூடிக்கிட்டேன்."

அந்தப் பக்கம் டிவி சத்தம்கூட இல்லை. அணைத்து வைத்திருந்தார்.

"அப்ப அவ நல்லாத்தான் இருந்திருக்கா."

"நல்லாத்தான் இருக்காப்பா" என்றேன்.

டீனா